இரவல் கொடுத்த கைகள்: திம்புக்து ஏடுகளும் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களும்

அரிய நூல் ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கு அதைப் பிறருக்கு இரவல் கொடுக்க எளிதில் மனம் வராது. போன நூல் திரும்பி வருவது அரிது என்பது நாம் அனைவரும் பட்டறிந்த உண்மை. 16ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் திம்புக்து நகரில் வாழ்ந்த முஹம்மது பகயோகோ (ரஹ்) அவர்களும் இதை அறியாதவர் அல்லர். ஆயினும் எத்துணை அரிய நூலாயினும் கேட்டவருக்குக் கொடுத்தார். திருப்பிக் கேட்கவும் இல்லை. முன்பின் அறியாத ஒருவர் வாசலில் நின்று நூலின் பெயரைச் சீட்டில் எழுதி அனுப்பினாலும், அதைத் தேடியெடுத்துக் கொடுத்தனுப்புவார். இவ்வாறு அவர் இழந்த நூல்கள் பல. அவரிடம் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பயின்ற அஹ்மது பாபா (ரஹ்) இச்செய்தியை வியப்போடு பதிவு செய்திருக்கிறார்.

ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களும் அவற்றின் அறிஞர்களும் இன்று கூட்டாக நடத்தும் ஆய்வுப் பணியின் வரலாற்றை இந்த ஆசிரியரிடமிருந்தே தொடங்கலாம். வைத்திருப்பவர் நம்பிக் கொடுப்பதும் பெற்றவர் அமானிதமாகக் காப்பதும் இல்லாவிட்டால் அப்பணி ஓரடியும் நகர்ந்திருக்காது.

மணல்வெளியைக் கடந்த கல்வி

சஹாராப் பாலைவனத்தின் தென் விளிம்பில், நைஜர் நதியின் வளைவுக்கு அருகே அமைந்தது திம்புக்து. வடக்கிலிருந்து உப்பும் தெற்கிலிருந்து தங்கமும் வந்து கைமாறிய சந்தை நகரம் அது. அவற்றோடு நூல்களும் வந்தன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு சென்ற பயணி ஹஸன் அல்வஸ்ஸான், வேறு எந்தச் சரக்கையும்விட நூல் வணிகத்திலேயே அதிக இலாபம் கிடைத்ததாகக் குறிப்பிடுகிறார்.

அந்நகரின் கல்வித் தரத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றை 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அஸ்ஸஅதீ தம் ‘தாரீகுஸ் ஸூதான்’ நூலில் தருகிறார். மாலிப் பேரரசர் மன்ஸா மூஸா 1324ஆம் ஆண்டில் மேற்கொண்ட ஹஜ் பயணத்திலிருந்து திரும்பியபோது, ஹிஜாஸிலிருந்து அப்துர் ரஹ்மான் அத்தமீமீ என்னும் அறிஞரை உடன் அழைத்து வந்தார். திம்புக்துவில் தங்கிய அவர், அங்கிருந்த கறுப்பின ஃபிக்ஹ் அறிஞர்கள் தம்மை விஞ்சி நிற்பதைக் கண்டார். உடனே ஃபாஸ் நகருக்குச் சென்று ஃபிக்ஹு கற்றுத் தேர்ந்து, மீண்டும் திம்புக்துவுக்கு வந்து குடியேறினார்.

ஸன்கோரே பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்த கல்விக்கூடத்தைப் பலர் ‘ஸன்கோரே பல்கலைக்கழகம்’ என்று அழைப்பதுண்டு. இன்றைய பல்கலைக்கழகத்தைப் போன்ற நிர்வாக அமைப்போ பட்டமளிப்பு விழாவோ அங்கு இருந்ததில்லை. மாணவர் ஓர் ஆசிரியரை நாடிச் சென்று, ஒரு நூலை முழுமையாக ஓதி முடித்து, அந்நூலுக்கு இஜாஸா பெறுவார்; பின்னர் அடுத்த ஆசிரியரைத் தேடிப் போவார். ஹஜ்ஜுக்குச் செல்லும் அறிஞர்கள் வழியில் கெய்ரோவில் தங்கிப் பாடம் கேட்டுத் திரும்புவார்கள். நூலும் ஆசிரியரும் ஊர் ஊராகச் சென்றதால் திம்புக்து, ஃபாஸ், கெய்ரோ மூன்றும் ஒரே வகுப்பறையாயின.

சங்கிலியில் சென்ற அறிஞர்

1591இல் மொரோக்கோ சுல்தான் அஹ்மது அல்மன்ஸூரின் படை சஹாராவைக் கடந்து வந்து ஸோங்காய்ப் பேரரசை வீழ்த்தியது. அடுத்த சில ஆண்டுகளில் திம்புக்துவின் உலமாக்கள் கைது செய்யப்பட்டு, விலங்கு பூட்டி மராக்கிஷுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் 1556இல் பிறந்த அஹ்மது பாபாவும் ஒருவர். வழியில் ஒட்டகத்திலிருந்து விழுந்து அவருடைய கால் முறிந்தது.

சுல்தான் முன் நிறுத்தப்பட்டபோது அவர் அஞ்சவில்லை. திரைக்குப் பின்னிருந்து பேசிய மன்னரிடம், நேருக்கு நேர் பேசுமாறு கேட்டார். தம் குடும்பத்தில் தம்முடைய நூலகமே மிகச் சிறியது என்றும், அதிலிருந்தே 1,600 நூல்கள் கொள்ளை போயின என்றும் முறையிட்டார். 1596இல் விடுதலை செய்யப்பட்டாலும் ஊர் திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. அந்த நாடு கடந்த வாழ்விலேயே மாலிக்கி மத்ஹபு அறிஞர்களின் வரலாற்றைக் கூறும் ‘நைலுல் இப்திஹாஜ்’ நூலை எழுதி முடித்தார். மராக்கிஷில் பாடம் நடத்தினார். அந்தலுஸின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற அல்மக்கரீ அவரை அங்குச் சந்தித்து இஜாஸா பெற்றார். நூல்களைப் பறித்த நாட்டின் மாணவர்களுக்கும் அவர் கல்வியை மறுக்கவில்லை.

1608இல் திம்புக்து திரும்பிய அவரிடம், சஹாராவின் துவாத் பாலைவனச் சோலைகளிலிருந்து அடிமை வாணிகம் பற்றிய கேள்விகள் வந்தன. 1615இல் அவர் ‘மிஃராஜுஸ் ஸுஊத்’ என்னும் நூலால் விடையளித்தார். கறுப்பு நிறம் ஒருவரை அடிமையாக்கும் காரணம் ஆகாது என்பதையும், சுதந்திரமான முஸ்லிமை விற்பதும் வாங்குவதும் கூடாது என்பதையும் வலியுறுத்தினார். முஸ்லிம் அல்லாத போர்க் கைதிகளை அடிமைப்படுத்துவதை அக்காலச் சட்ட மரபையொட்டி அவரும் ஏற்றார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1627இல் அவர் வஃபாத்தானார்.

பூட்டப்பட்ட பெட்டிகள்

1890இல் பிரெஞ்சுப் படை இன்றைய மாலியிலுள்ள ஸெகூ நகரைக் கைப்பற்றி, அல்ஹாஜ் உமர் தால் குடும்பத்தாரின் நூலகத்தை அள்ளிச் சென்றது. அந்த ஏடுகள் இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின் ஏடு வைத்திருந்த குடும்பங்கள் அவற்றைச் சுவருக்குள்ளும் மணலுக்கடியிலும் ஒளித்தன. இரவல் கொடுப்பதைப் பெருமையாகக் கருதிய நகரம், “எங்களிடம் எதுவும் இல்லை” என்று சொல்லப் பழகிக்கொண்டது.

வெளியுலகம் அதை அப்படியே நம்பியது. 1963இல்கூட ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டிரெவர் ரோப்பர், ஐரோப்பியர் வருவதற்கு முன் ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை என்னும் பொருள்படப் பேசினார்.

விடுதலை பெற்ற நாடுகளின் அறிஞர்கள் இதற்குச் செயலால் பதில் அளித்தனர். 1964இல் நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகத்தில் அரபு ஆவண மையம் தொடங்கப்பட்டது. கானா பல்கலைக்கழகமும் ஏடுகளைத் திரட்டியது. அதே 1964இல் யுனெஸ்கோ ஆப்பிரிக்கப் பொது வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் எட்டுத் தொகுதிகளின் பதிப்பாசிரியர்கள் அனைவரும் ஆப்பிரிக்கர்களே. முதல் தொகுதிக்கு புர்கினா ஃபாஸோவின் ஜோசஃப் கி-செர்போவும், மூன்றாம் தொகுதிக்கு மொரோக்கோவின் முஹம்மது அல்ஃபாஸியும், எட்டாம் தொகுதிக்குக் கென்யாவின் அலீ மஸ்ரூயியும் பொறுப்பேற்றனர்.

அத்திட்டத்தின் பொருட்டு 1967இல் திம்புக்துவில் ஒரு கூட்டம் நடைபெற்றது. அதன் பயனாக, அஹ்மது பாபாவின் பெயர் தாங்கிய ஏட்டு மையம் 1973இல் அங்குச் செயல்படத் தொடங்கியது. அஹ்மது பாபாவைப் பற்றிப் பாரிஸில் ஆய்வு செய்த மஹ்மூது ஸுபைர் அதன் முதல் இயக்குநரானார். மையத்தினர் ஊர் ஊராகச் சென்றனர்; குடும்பங்களோ பெட்டிகளைத் திறக்க மறுத்தன. அப்பணியில் ஈடுபட்ட அப்துல் காதிர் ஹைதரா, ஊர்ப் பெரியவர்களோடு நாள்கணக்கில் அமர்ந்து பேசியும், ஏடுகளுக்கு ஈடாக ஆடு மாடுகளைக் கொடுத்தும் அவர்களின் நம்பிக்கையைப் பெற்றார்.

வடக்கும் தெற்கும் கைகோத்தபோது

ஒரே நூலின் ஒரு பிரதி திம்புக்துவில் இருக்கும். இன்னொன்று ரபாத்திலும் மற்றொன்று பாரிஸிலும் இருக்கலாம். ஒன்றில் கறையான் அரித்த வரி மற்றொன்றில் முழுமையாக இருக்கும். ஆகவே பிரதிகளை ஒப்பிடாமல் சரியான பாடத்தை நிறுவ முடியாது. எந்தப் பல்கலைக்கழகமும் தனித்து நின்று இதைச் செய்ய இயலாது.

2000ஆம் ஆண்டில் ‘மிஃராஜுஸ் ஸுஊத்’ நூல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்கப்பட்டது. பதிப்பித்தவர்கள், இபாதான் மையத்தைத் தொடங்கிய ஜான் ஹன்விக்கும் மொரோக்கோ ஆய்வாளர் ஃபாத்திமா ஹர்ராக்கும். வெளியிட்டது ரபாத் நகரின் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனம். எந்த நாட்டின் மன்னர் அஹ்மது பாபாவுக்கு விலங்கிட்டாரோ, அந்த நாட்டின் கல்வி நிறுவனமே அவருடைய நூலை உலகுக்குத் தந்தது. நானூறு ஆண்டுகளுக்குப் பின் கல்வி செய்த பிராயச்சித்தம் என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

தெற்கிலிருந்தும் ஒரு கை நீண்டது. 2003இல் கேப் டவுன் பல்கலைக்கழகம், பேராசிரியர் ஷாமில் ஜெப்பியின் தலைமையில் திம்புக்து ஏடுகள் பற்றிய ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. அவரும் செனகல் நாட்டுத் தத்துவ அறிஞர் ஸுலைமான் பஷீர் ஜாஞ்ஞும் தொகுத்த ஆய்வு நூலை 2008இல் கேப் டவுன், டக்கார் நகரங்களின் நிறுவனங்கள் இணைந்து வெளியிட்டன. தென்னாப்பிரிக்காவின் உதவியோடு கட்டப்பட்ட புதிய ஏட்டு நிலையம் 2009இல் திம்புக்துவில் திறக்கப்பட்டது.

2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைக் கைப்பற்றின. குடும்பங்களும் நூலகப் பணியாளர்களும் ஏடுகளை இரும்புப் பெட்டிகளில் அடைத்து, கழுதை வண்டிகளிலும் வாகனங்களிலும் படகுகளிலும் இரகசியமாகத் தலைநகர் பமாக்கோவுக்கு அனுப்பினர். புதிய நிலையத்தில் எஞ்சியிருந்த ஏடுகளுள் ஏறத்தாழ 4,000, 2013 ஜனவரியில் எரிக்கப்பட்டும் களவாடப்பட்டும் போயின. பெரும்பகுதி தப்பியதற்குக் காரணம், சாமானிய மக்கள் அவற்றை அமானிதமாகக் கருதியதே.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. இன்று ஏடுகள் படமெடுக்கப்பட்டு வெளிநாட்டு நிறுவனங்களின் கணினிகளிலும் சேமிக்கப்படுகின்றன. பணமும் கருவியும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகின்றன. ஏடு ஆப்பிரிக்கருடையது, ஆய்வும் புகழும் பிறருடையது என்று ஆகிவிட்டால், ஸெகூ நூலகத்துக்கு நேர்ந்தது இன்னொரு வடிவில் மீண்டும் நேரும். மாலி மாணவர் தம் ஊரின் ஏட்டைத் தம் ஊரிலேயே படித்து ஆராய வழி செய்வதே நேர்மையான கூட்டுறவு.

நம் வீட்டு அலமாரி

திம்புக்து ஏடுகளுள் எல்லாம் அரபு மொழியில் எழுதப்பட்டவை அல்ல. ஸோங்காய், ஃபுலானி போன்ற ஆப்பிரிக்க மொழிகளை அரபு எழுத்தில் எழுதியவையும் உண்டு. அவ்வகை எழுத்து ‘அஜமி’ எனப்படும். கேப் டவுன் முஸ்லிம்கள் ஆஃப்ரிகான்ஸ் மொழியையே அரபு எழுத்தில் எழுதினர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வி என்னும் அரபுத்தமிழ் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் ‘மகானி’யை நம் பாட்டிமார் அந்த எழுத்தில்தான் ஓதி அறிந்தனர்.

அத்தகைய கித்தாபுகள் நம் வீடுகள் சிலவற்றில் இன்றும் துணியில் பொதிந்து கிடக்கலாம். அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். இன்றே அலமாரியைத் திறந்து பாருங்கள். மூலத்தை நீங்களே பத்திரமாக வைத்துக்கொண்டு, நம்பகமான ஆய்வாளருக்குப் படியெடுக்க இடம் கொடுங்கள். வாசலில் வந்து நின்ற சீட்டைக் கண்டு பகயோகோ (ரஹ்) அவர்கள் யோசித்து நிற்கவில்லை. அந்தக் கொடைமனத்தை அல்லாஹ் நமக்கும் தந்தருள்வானாக.