ஒளியால் புற்றைக் கொன்றால் பக்கத்துச் சதைக்கு என்ன ஆகும்?

பி.காம் படிக்கிறவனுக்கு கேன்சரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர். பல வருடம் புகையிலை போட்டவர். நாக்கு ஓரத்தில் வந்த புண் ஆறவேயில்லை. ஆபரேஷன் செய்து நாக்கில் ஒரு பகுதியை எடுத்தார்கள். பிறகு கரண்ட் வைத்தார்கள் (ரேடியேஷனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்). உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் எச்சில் ஊறுவது குறைந்துபோய், ரசத்தில் குழைத்த சோறுதான் இறங்குகிறது. அவர் பேசுவது அவர் வீட்டம்மாவுக்கு மட்டும்தான் முழுசாகப் புரிகிறது.

புற்றைக் கொல்லும்போது பக்கத்தில் இருக்கும் நல்ல சதையைக் காப்பாற்ற யாரும் முயற்சி செய்யவில்லையா? இந்தக் கேள்வியோடு தேட ஆரம்பித்தபோது கிடைத்ததுதான் ஒளிச் சிகிச்சையின் கதை. ஆங்கிலத்தில் ஃபோட்டோடைனமிக் தெரபி என்கிறார்கள். நூறு வருடத்துக்கும் மேலான கதை.

ஆரம்பித்து வைத்தவர் நம்மைப் போல ஒரு மாணவர்! ஜெர்மனியின் ம்யூனிக் நகரத்தில் ஹெர்மன் ஃபான் டாப்பைனர் என்ற பேராசிரியரிடம் ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர் வேலை பார்த்தார். அக்ரிடின் என்ற சாயம் பரமீசியம் என்ற ஒரு செல் உயிரியை எவ்வளவு சீக்கிரம் கொல்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. அதே சாயம், அதே அளவு. ஆனால் ஒரு நாள் சீக்கிரம் செத்துப்போயின, இன்னொரு நாள் நெடுநேரம் உயிரோடு இருந்தன. அந்த இன்னொரு நாளில் இடிமழையால் வானம் இருண்டிருந்தது என்று சொல்வார்கள். சாயம் மட்டும் இருந்தால் ஆபத்து குறைவு, சாயமும் வெளிச்சமும் சேர்ந்தால் மரணம். ராப் இதை 1900-ல் வெளியிட்டார். 1903-ல் டாப்பைனரும் யெசியோனெக் என்ற தோல் மருத்துவரும் இயோசின் சாயத்தைத் தடவி, வெளிச்சம் காட்டி, தோல் புற்றுக்கு மருத்துவம் செய்து பார்த்தார்கள். இதற்கு ஆக்சிஜனும் வேண்டும் என்பதையும் டாப்பைனர் குழுதான் கண்டுபிடித்தது.

நல்ல சதைக்கு என்ன ஆகும் என்று முதலில் தன் உடம்பிலேயே பார்த்தவர் ஃப்ரீட்ரிக் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர். 1912-ல் ஹெமட்டோபார்ஃபிரின் என்ற, ரத்தத்திலிருந்து எடுக்கும் பொருளை 200 மில்லிகிராம் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டார். பிறகு வெயிலில் போனார். வெயில் பட்ட முகமும் கைகளும் வீங்கிவிட்டன. இரண்டு மாதத்துக்கு மேல் வெயில் ஆகவில்லை. இத்தனைக்கும் அவருக்குப் புற்று எதுவும் கிடையாது. மருந்து உடம்பு முழுக்கப் போகிறது, வெளிச்சம் எங்கே படுகிறதோ அங்கே வேலையைக் காட்டுகிறது. நல்ல சதை, கெட்ட சதை என்று அது பெரிதாகப் பார்ப்பதில்லை.

பிறகு பல வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1960-களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரிச்சர்ட் லிப்சன் அந்தப் பொருளை மேம்படுத்தினார். பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் மையத்தில் தாமஸ் டௌஹெர்ட்டி 1978-ல் 25 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். 113 கட்டிகளில் 111 ஓரளவாவது சுருங்கின அல்லது மறைந்தன. 1993-ல் கனடா ஃபோட்டோஃப்ரின் மருந்துக்கு அனுமதி கொடுத்தது.

இது எப்படி வேலை செய்கிறது? மருந்து வெளிச்சத்தை உறிஞ்சி, அந்தச் சக்தியைப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. அந்த ஆக்சிஜன் கொடூரமாக மாறி, எதிரில் இருப்பதைத் தாக்குகிறது. ஆனால் அதன் ஆயுள் மிகக் குறைவு, ஒரு செல்லின் அகலத்தைக்கூடத் தாண்டாது. அதனால் வெளிச்சம் படாத இடத்தில் சேதம் இல்லை.

வெளிச்சம் பட்ட நல்ல சதை? இங்கேதான் லண்டனில் ஸ்டீஃபன் பௌன் குழு செய்த வேலை முக்கியம். 1987-ல் எலியின் நல்ல குடலில் இந்தச் சிகிச்சையைச் செய்து பார்த்தார்கள். செல்கள் செத்தன. ஆனால் குடலுக்கு உறுதி தரும் கொலாஜன் அப்படியே இருந்தது, குடல் சுவர் வலுவிழக்கவில்லை. வீடு இடிந்தாலும் தூண்கள் நின்றது மாதிரி. தூண்கள் இருந்தால் புதுச் செல்கள் அதே வடிவத்தில் வளர முடியும். நாக்கும் கன்னமும் வடிவம் மாறாமல் ஆறினால், பேச்சும் விழுங்குவதும் மிஞ்சும். வாய்க்கு இந்தச் சிகிச்சையை யோசித்ததற்கு இதுதான் காரணம்.

2001-ல் ஐரோப்பாவில் ஃபோஸ்கான் என்ற மருந்துக்கு, மற்ற சிகிச்சைகள் பலிக்காத தலை, கழுத்துப் புற்றுக்காக அனுமதி கிடைத்தது. ஊசி போட்டு நான்கு நாள் கழித்து, 652 நானோமீட்டர் சிவப்பு லேசர் ஒளியை 200 விநாடி காட்ட வேண்டும். அவ்வளவுதான்! ஆனால் அதன் செய்முறையில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. வெளிச்சம் முடிந்தவரை கட்டியின் விளிம்பைத் தாண்டி அரை சென்டிமீட்டர் வரை பட வேண்டும். அதாவது நல்ல சதையைத் தெரிந்தே கொஞ்சம் சுடுகிறார்கள், விளிம்பில் ஒளிந்திருக்கும் புற்றுச் செல் தப்பிவிடக் கூடாது என்று. அதைத் தாண்டிய சதைக்கு ஒளி சிதறிப் போகாமல் மறைப்பு வைக்கிறார்கள்.

எங்கள் பாஷையில் சொன்னால், வரவு இருந்தால் பற்றும் இருக்கும். வரவு: 2004-ல் வந்த ஆய்வில், ஆரம்ப நிலை வாய்ப் புற்று இருந்த 114 பேரில் 85 சதவீதம் பேருக்குக் கட்டி முழுவதும் மறைந்தது. ரேடியேஷன் போல உச்ச வரம்பு இல்லை, திரும்பவும் செய்யலாம். பற்று: கடுமையான வலி, முகவீக்கம், வாய்ப்புண், விழுங்கச் சிரமம், சிலருக்கு வாய் திறக்கவே கஷ்டம். ஊசி போட்ட முதல் நாள் திரை போட்ட இருட்டறையில் இருக்க வேண்டும். பல்பு 60 வாட்டுக்கு மேல் கூடாது. இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளிச்சத்துக்கு வரலாம். 1990-ல் கனடாவில் அறிமுகமான ஏ.எல்.ஏ. என்ற இன்னொரு மருந்தில் இந்த இருட்டு இரண்டு நாளில் முடிந்துவிடும். ஆனால் அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான் எட்டும்.

முற்றிய நோய்க்கு வரவும் குறைகிறது. அதே 2004-ல், வேறு வழியில்லாத 128 பேரிடம் செய்த ஆய்வில் 38 சதவீதம் பேருக்குத்தான் கட்டி சுருங்கியது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் மும்பை டாட்டா மெமோரியலைச் சேர்ந்த அனில் டிக்ரூஸ். 2020-ல் ஜப்பான் அனுமதித்த புது மருந்து ஒன்று, புற்றுச் செல்லில் அதிகம் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. அதிலும் வலியும் வீக்கமும் போகவில்லை.

இதையெல்லாம் படித்தபிறகு எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இந்தச் சிகிச்சை நல்ல சதையைத் தொடாமல் விடவில்லை. ஆறக்கூடிய விதத்தில் காயப்படுத்தக் கற்றுக்கொண்டது. பரமீசியத்திலிருந்து அந்த அரை சென்டிமீட்டருக்கு வந்துசேர நூறு வருடம் ஆகியிருக்கிறது.

எங்கள் தெருப் பெரியவருக்கு இது உதவியிருக்குமா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் சிவப்பு ஒளி ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் சரியாக எட்டாது என்பது தெரிகிறது. கட்டி சின்னதாக இருக்கும்போதே தெரிந்தால்தான் எந்தச் சிகிச்சையும் வாயை மிச்சம் வைக்கும். வாயில் ஒரு புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள், உடனே காட்டிவிடுங்கள். வீட்டில் வெற்றிலை, புகையிலை போடும் தாத்தா பாட்டி இருந்தால் இன்றைக்கே ஒருமுறை வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை :-)