துப்பாக்கியின் குறியைப் பறித்த கதை

தென்காசி, குற்றாலம், வடகரை, மேக்கரை என்று மலையடிவாரத்தில் விவசாயம் செய்பவர்களுக்குக் காட்டுப்பன்றி புதிதல்ல. ராத்திரி ஒரு கூட்டம் இறங்கினால் போதும், காலையில் கிழங்குக் கொல்லை உழுது போட்ட மாதிரி கிடக்கும். இதற்கென்றே மலையோர ஊர்களில் ஒரு காலத்தில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டு, நார் வைத்து இடித்து, குண்டையோ ரவையையோ போட்டு, மறுபடியும் இடித்துச் சுடுகிற ஒற்றைக்குழல் துப்பாக்கி. சத்தம் பெரிதாக இருக்கும். பன்றி பெரும்பாலும் தப்பித்துவிடும்!

பழைய துப்பாக்கி என்பதால் குறி தவறுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் வயதுக்கும் குறிக்கும் சம்பந்தம் குறைவு. குழலின் உள்பக்கம் வழவழப்பாக இருப்பதுதான் முக்கியமான காரணம். குழலுக்குள் திருகுப் பள்ளம் வெட்டிவிட்டால் குண்டு பம்பரம் போலச் சுழன்று நேராகப் போகும். இந்த வித்தை ஜெர்மன் நாட்டு வேட்டைக்காரர்களுக்குப் 16-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். அப்படியானால் தென்காசிச் சீமையின் துப்பாக்கி 20-ஆம் நூற்றாண்டு வரை ஏன் வழவழப்பாகவே இருந்தது? இதில் கொல்லன் பட்டறையை விட அரசாங்கத்தின் பங்குதான் அதிகம்.

கதை பாளையக்காரர்களிடம் தொடங்குகிறது. இன்றைய தென்காசி மாவட்டத்துக்குள்தான் (2019-ல் உருவான மாவட்டம்) சொக்கம்பட்டி, ஊத்துமலை, சிவகிரி, நெற்கட்டும்செவல் எல்லாம் இருக்கின்றன. இவர்களிடம் துப்பாக்கி இல்லை, வேலும் வாளும்தான் என்று சினிமா பார்த்து நினைத்துக்கொள்ளக் கூடாது. திரித்துப்பாக்கி இருந்தது. கனன்றுகொண்டிருக்கும் கயிற்றுத் திரியை மருந்தில் படவைத்து வெடிப்பது அது. ஆனால் குற்றாலச் சாரல் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் திரி அணையும், மருந்து நமத்துப்போகும். அதனால் பாளையத்துப் படைகள் நீண்ட ஈட்டியைக் கடைசி வரை கைவிடவில்லை. புலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டையை 1759-ல் யூசுப்கான் பீரங்கியோடு வந்து முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. 1761-ல்தான் அது விழுந்தது.

அன்றைக்குக் கும்பெனிப் படையின் துப்பாக்கி மட்டும் பிரமாதமா என்றால், அதுவும் இல்லை. 'பிரவுன் பெஸ்' என்று பெயர் பெற்ற மஸ்கட்டின் குழல் 0.75 அங்குலம், அதில் போடும் குண்டு ஏறக்குறைய 0.69 அங்குலம். சீக்கிரம் மருந்திட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. குண்டு குழலுக்குள் இங்குமங்கும் இடித்துக்கொண்டுதான் வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கம் இடித்ததோ, அதைப் பொறுத்து அதன் போக்கு மாறும். நூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதனால்தான் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள்.

இதற்குக் கணக்கு போட்டுக் காரணம் சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். 1742-ல் அவர் எழுதிய பீரங்கிக் கலை நூலைக் கணித மேதை ஆய்லரே ஜெர்மன் மொழியில் பெயர்த்து, கூடவே விளக்கமும் எழுதினார். ராபின்ஸ் செய்த ஒரு சோதனை சுவாரசியமானது. துப்பாக்கிக் குழலின் நுனியை இடது பக்கமாக வளைத்துச் சுட்டார். இடது பக்கம் கிளம்பிய குண்டு, போகப் போக வலது பக்கமாகத் திரும்பியது! வளைவில் உரசியபோது கிடைத்த சுழற்சிதான் அதைத் திருப்பியது (நம்ம ஊர் சுழல்பந்து வீச்சாளர்களுக்கு இது புரியும்). கண்டபடி சுழன்றால் குண்டு திசை மாறும், போகும் திசையையே அச்சாகக் கொண்டு சுழன்றால் திசை மாறாது. ஆகவே திருகுப் பள்ளம் வெட்டிய ரைஃபிளை எந்த நாடு முதலில் முழுமையாகக் கைக்கொள்கிறதோ அந்த நாட்டுப் படை மற்றவற்றை மிஞ்சிவிடும் என்று 1747-லேயே சொன்னார். இவர் கும்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்ய இந்தியாவுக்கு வந்து, 1751-ல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்துபோனார். துப்பாக்கிக் குறியின் அறிவியலுக்கு அடித்தளம் போட்டவரின் வாழ்க்கை தமிழ் மண்ணில் முடிந்தது என்பது நம் பாடப்புத்தகங்களில் வருவதில்லை.

பிறகு 1801. பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது, மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டு, பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தார். கோட்டைகள் இடிக்கப்பட்டன. துப்பாக்கி செய்யவும் பழுது பார்க்கவும் தெரிந்த கைகளுக்கு அதற்குப் பிறகு என்ன வேலை இருந்திருக்கும்? ஐரோப்பாவில் ரைஃபிள் வேகமாக முன்னேறிய அதே ஐம்பது வருடங்களில் இங்கே ஆயுதக் கலை நின்றுபோனது.

அடுத்த அடி இன்னும் விசித்திரமானது. 1853-ல் வந்த என்ஃபீல்ட் ரைஃபிள் 0.577 அங்குலக் குழல் கொண்டது. உள்ளே மூன்று பள்ளங்கள், 78 அங்குலத்துக்கு ஒரு முழுச்சுற்று என்ற கணக்கில் வெட்டப்பட்டவை. குழலின் நீளமே 39 அங்குலம்தான், ஆக குண்டு வெளியே வருவதற்குள் அரைச் சுற்றுதான் சுற்றும். அந்த அரைச் சுற்றே நூற்றுக்கணக்கான கெஜம் குறி தவறாமல் போகப் போதுமானது. இந்தத் துப்பாக்கியின் தோட்டாவில் தடவிய கொழுப்புதான் 1857-க்குத் தீ வைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின் நடந்தது பலருக்குத் தெரியாது. கிளர்ச்சியை அடக்கிய கையோடு, இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858-ல் தனியாக ஒரு என்ஃபீல்ட் தயாரானது. வெளியே பார்த்தால் அதே துப்பாக்கி. உள்ளே பள்ளங்களைச் சுரண்டி எடுத்து, குழலை 0.656 அங்குலத்துக்கு வழவழப்பாகக் கடைந்திருந்தார்கள். தூரத்துக்கு ஏற்றபடி உயர்த்தி வைக்கும் குறிப்பலகையையும் கழற்றிவிட்டு, அசையாத ஒன்றைப் பொருத்தினார்கள். கடைந்ததில் குழலின் சுவர் மெலிந்துபோக, மறு வருடமே தடித்த குழலோடு இன்னொரு வடிவம் வந்தது. ஒரு நல்ல துப்பாக்கியின் குறியைக் கெடுப்பதற்கு இவ்வளவு சிரமப்பட்ட அரசாங்கம் உலகத்தில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு ரைஃபிள், இந்தியச் சிப்பாய்க்கு அதன் நிழல்!

சிப்பாய்க்கே அப்படி என்றால் குடியானவனுக்கு? 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம். 1887-ல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் இந்தச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. (குடகர்களுக்கு மட்டும் 1861-லிருந்தே விலக்கு உண்டு, அது தனிக்கதை.) துரைமார்கள் மலைமேல் ரைஃபிளோடு வேட்டையாடியபோது, கீழே கொல்லைக் காவலுக்கு லைசென்ஸ் கிடைத்தவர் கையில் பெரும்பாலும் இருந்தது வாய்வழி மருந்திடும் வழவழப்புக் குழல்தான். அரசாங்கத்தின் பயம் துரைமார்களின் துப்பாக்கியைக்கூட விட்டுவைக்கவில்லை. 0.450 அங்குல ரைஃபிள் தோட்டா கிளர்ச்சிக்காரர் கைக்குப் போய்விடும் என்று 1907 வாக்கில் அந்த அளவையே இந்தியாவுக்குள் தடுத்தார்கள். லண்டன் கம்பெனிகள் யானை, புலி வேட்டைக்காக 0.465, 0.470 என்று புது அளவுகளைக் கண்டுபிடிக்க வேண்டி வந்தது.

வழவழப்புக் குழல் வைத்திருந்தவர் செய்யக் கூடியது கொஞ்சம்தான். மருந்தை ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் போடலாம், சாரல் ஈரம் படாமல் காக்கலாம், குண்டைத் துணியில் சுற்றி ஆடாமல் இறுக்கமாக இறக்கலாம். மருந்தைக் கூட்டினால் குறி கூடும் என்று நம்பியவர்களுக்குக் கை போனதுதான் மிச்சம், குழல் வெடித்துவிடும். எல்லாவற்றையும் விடப் பலித்த வழி, பரண் கட்டி உட்கார்ந்து பன்றி பக்கத்தில் வரும்வரை மூச்சு விடாமல் காத்திருப்பது.

அந்த 'பக்கத்தில் போவது' இந்தச் சீமையில் இன்னொரு விதமாகவும் நடந்தது. தென்காசியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அந்த ஊர்க்காரரான வாஞ்சிநாதன் புனலூரில் வனத்துறை ஊழியர். லீவு போட்டுவிட்டு, ஆங்கிலேயர் ஆயுதச் சட்டம் செல்லாத பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போய், வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கி சுடப் பழகினார். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் இருந்த பெட்டிக்குள் ஏறி, நேருக்கு நேர் நின்று சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த ப்ரௌனிங் கைத்துப்பாக்கி. திருகுப் பள்ளம் வெட்டிய நவீனத் துப்பாக்கிதான், ஆனால் அந்தத் தூரத்துக்கு நாட்டுத் துப்பாக்கியே போதும். தொடர்ந்து வந்த சதி வழக்கில் தென்காசி மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளையும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்.

சுதந்திரத்துக்குப் பின் 1959-ல் புது ஆயுதச் சட்டம் வந்தது, லைசென்ஸ் விதி மாறவில்லை. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வேட்டையையே நிறுத்தியது. காடும் விலங்கும் குறைந்துவிட்ட நிலையில் அது தேவைப்பட்ட சட்டம்தான். ஆனால் பன்றிக்குச் சட்டம் தெரியாது, அது கொல்லைக்கு வருவதை நிறுத்தவில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுடலாம், ஆனால் வனத்துறையினர் மட்டுமே சுட வேண்டும். மேக்கரை மாதிரி காட்டை ஒட்டியே வயல் வைத்திருப்பவருக்கு அந்த 3 கிலோமீட்டர் கணக்கு எட்டாது. அவர் பழையபடி தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு விடிய விடியக் காவல் இருக்கிறார்.