களிப்பானையும் எழுதப்படாத ஏடும்

சமையல் நூல் என்றவுடன் தமிழர் பலர் நினைவுக்கு வருவது எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்'. அந்நூல் ஒரு குலத்தாரின் அடுக்களை முறைகளைச் சிந்தாமல் காத்துத் தந்தது. அதனை நாம் குறைகூறவில்லை. நம் தாய்மாரின் அடுப்படிக்கு அத்தகைய ஏடொன்று வாய்க்கவில்லை என்பதையே ஈண்டு எண்ணிப் பார்க்கிறோம்.

இண்டூர் வட்டாரம் வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் சாமையும் கொள்ளுமே இம்மண்ணின் விளைவு. நெற்சோறு பண்டிகைக்கு உரியதாயிருந்த நாளில், கூலியாகப் பெற்ற கேழ்வரகைத் திரிகையில் அரைத்துக் களியாக்கியோர் நம் பெண்கள். குருணையை வேகவிட்டு, மாவைக் குவித்து, நடுவே துளையிட்டு மூடி, வெந்தபின் துடுப்பால் கிளற வேண்டும். நீர் மிகுந்தால் குழையும். குறைந்தால் கட்டி விழும். விரலை நீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டாதிருப்பதே பதம். வரப்பில் பறித்த கீரையைக் கடைந்து உடன் வைப்பர். மாட்டிறைச்சியை நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து உலர்த்திய உப்புக்கண்டம் மழைக்காலத்துக்குத் துணை. பள்ளிக்குக் கொண்டுசென்ற களியை நம்மில் சிலர் மறைத்து உண்டதும் உண்டு.

நம்மைப் போன்றோர் மராட்டியத்தில் விழித்துக்கொண்டனர். 2009இல் புனே பல்கலைக்கழகத்தின் பெண்ணியல் மையத்தினர் தலித் மக்களின் உணவு நினைவுகளைத் திரட்டி நூலாக்கினர். 2015இல் சாகு பட்டோலே, மராத்வாடாவின் மகர், மாங் மக்களின் சமையலை 'அன்ன ஹே அபூர்ணபிரம்ம' என மராத்தியில் எழுதினார். அன்னம் பூரணப் பிரம்மம் என்பது அங்கு வழங்கும் மொழி. சேரிக்கு அது அபூரணமாகவே இருந்தது என்பதை அத்தலைப்பே உரைக்கிறது.

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு மே மாதம் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டமும் தொடங்கிற்று. ஏளனத்துக்குள்ளான தானியம் மேடையேறியது நன்றே. அதனைப் பஞ்சத்திலும் கைவிடாத கைகளை எவரும் மேடைக்கு அழைத்திலர். உப்புக்கண்டத்துக்கோ மேடையின் நிழலும் இன்னும் கிட்டவில்லை.

நம் சங்க நூலகத்தில் ஒரு வெற்றேடு வைக்கப்படுமாயின், இளைஞர் தம் பாட்டிமாரிடம் கேட்டு அதில் எழுதலாம். ஆண்பிள்ளைகளும் எழுதலாம், இழிவில்லை. "ஒரு கை மாவு" என்று பாட்டி சொன்னால், அவர் கையாலேயே அள்ளச் சொல்லி, ஆழாக்கில் அளந்து குறித்துக்கொள்க.