ஆயிரத்து முப்பத்து மூன்று பேர் நின்ற தேர்தலும் எங்க அத்தையின் 250 ரூபாயும்



மலருக்கு நம்ம மொடக்குறிச்சித் தொகுதியின் தேர்தல் கதையை யாராவது எழுதித் தர வேணும் என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் பேச்சு வந்தது. "தீர்மானப் புத்தகம் எழுதற கை அதுதானுங்க, அதையே எழுதச் சொல்லுங்க" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்து, வேலை என் தலையில் விழுந்தது. குழுவில் கட்சி பேசக் கூடாது என்பது முதல் நாளே நாம் படித்த பாடம். இதில் கட்சிப் பேர் வரும் இடத்தில் நடந்ததை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

1996-ஆம் வருடம் எனக்குக் கல்யாணமாகி நாலு வருடம். கைக்குழந்தை ஒன்று. அவல்பூந்துறைப் பக்கம் தோட்டத்து வீட்டில் மாமனார், மாமியாரோடு இருந்தோம். அந்த வருடம் மஞ்சள் வேகவைத்து, காயப்போட்டு, மெருகேற்றி மூட்டை கட்டியிருந்த நேரம். பச்சைத் துண்டு போட்ட நாலைந்து பேர் சாயங்காலம் வாசலுக்கு வந்தார்கள். விவசாயிகள் கோரிக்கையை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, நம்ம தொகுதியில் ஆயிரம் பேர் நிற்கப் போகிறோம், ஓட்டுச்சீட்டு அச்சடிக்க முடியாமல் திணறட்டும், அப்போதுதான் டெல்லி வரைக்கும் கேட்கும் என்றார்கள். மாமா கையெழுத்துப் போட்டார்.

அப்போது சட்டமன்றத்துக்கு நிற்க டெபாசிட் 250 ரூபாய். மாமா கையில் காசில்லை. மஞ்சள் விலை ஏறட்டும் என்று மூட்டையை வைத்திருந்தார். அத்தை அடுக்குப்பானையில் வைத்திருந்த சொசைட்டிப் பால் காசுதான் வெளியே வந்தது. என்னையும் அத்தையையும் "நீங்க நிக்கறீங்களா?" என்று யாரும் கேட்கவில்லை. களை எடுத்தது, மஞ்சள் வெட்டின இடத்தில் கிழங்கு பொறுக்கினது, வேகவைக்கையில் அடுப்புக்கு முன்னால் வெந்தது எல்லாம் நாங்கள்தான். ஆனால் விவசாயி என்று யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால் மாமாதான் எழுந்து போவார். அன்றைக்கு எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் மொத்தம் 1033 பேர் களத்தில் நின்றார்கள். ஒரே சட்டமன்றத் தொகுதியில் இத்தனை பேர் நின்றது நாடு முழுக்கச் செய்தியானது. மற்ற ஊர்களில் ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். நமக்கு மட்டும் ஒரு மாதம் போலத் தள்ளிப் போனது. ஓட்டுச்சீட்டை ஒரு தாளில் அடக்க முடியாமல் புத்தகமாகக் கட்டினார்கள். அந்தப் புத்தகம் நுழைகிற மாதிரி பெட்டியும் பெரிதாகச் செய்ய வேண்டியிருந்தது. சாவடிக்குள் மறைப்புக்குப் பின்னால் நின்று பக்கம் பக்கமாகப் புரட்டியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வெளியே வெயிலில் வரிசை நகரவே இல்லை. கைக்குழந்தை அழுதது. பள்ளிக்கூடப் படிப்பு இருந்த நானே பேர் தேடித் தடுமாறினேன். எழுத்துத் தெரியாத அத்தை என்ன செய்திருப்பார்?

ஓட்டு எண்ணினதில் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் 64,436 ஓட்டு வாங்கி ஜெயித்தார். அவர் இந்தத் தொகுதிக்குப் புதியவர் இல்லை. 1977-லேயே அ.தி.மு.க. சார்பில் இங்கே ஜெயித்து, எம்.ஜி.ஆர். மந்திரிசபையில் இருந்தவர். ஆக ஆயிரம் ஆண்கள் பேர் கொடுத்துக் கலக்கின தேர்தலில் சட்டசபைக்குப் போனது ஒரு பெண். இதை நம்ம ஊரில் யாரும் பெரிதாகப் பேசினதில்லை. 1033 என்ற எண்ணைத்தான் எல்லாரும் சொல்லுவார்கள்.

ஆயிரத்துக்கும் மேலே பேருக்கு டெபாசிட் போனது. பதிவான செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்கினால்தான் கட்டின காசு திரும்ப வரும். ஆயிரம் பேர் என்று வைத்தாலே இரண்டரை லட்சம் ரூபாய், எத்தனையோ வீட்டு அடுக்குப்பானைக் காசு, அரசாங்கக் கஜானாவுக்குப் போய்விட்டது. அதைவிட ஒரு சங்கதி உண்டு. 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. அதில் ஒருத்தர் எங்க மாமா.

பட்டியல் பார்த்து வந்தவர் வாசலில் நின்று சொன்னபோது அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "சைபருன்னா, நீங்களும் உங்களுக்குப் போடலையா?" என்று கேட்டார். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொஸ்தகத்துல என்ர பேரு எந்தப் பக்கத்துல இருக்குதுன்னே தெரியலை. பின்னால நிக்கறவன் சத்தம் போடறான். வழக்கமாப் போடறதுக்கே குத்திப்போட்டு வந்துட்டேன்" என்றார். அத்தை அதற்குச் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "என்ர காசைக் கட்டிப்போட்டு, எது உங்க சின்னம்னு எனக்குச் சொல்லவே இல்லையே நீங்க."

போராட்டம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் மொடக்குறிச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் அதன் பிறகு கேட்கவில்லை. அதே 1996-இல் நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில் குடிதண்ணீரில் ஃபுளோரைடு கலந்து எலும்பு வளைந்துபோன ஊர்க்காரர்கள் ஆத்திரப்பட்டு, 480 பேர் நின்றார்கள். வேறு எந்த வழியில் போனால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? ஆனால் எங்க வீட்டைப் பொறுத்தவரை மாமா வெறும் பேராக நின்றார். யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. வீட்டில் இருந்த இரண்டு ஓட்டைக்கூடக் கேட்கவில்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகு அதே வருடம் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பிறகு அது 10,000 ஆகி இன்று வரை அப்படியே இருக்கிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அதில் பாதி. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருத்தர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சையாக நிற்பவருக்குத் தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். கூட்டம் சேர்வதைத் தடுக்க என்று கொண்டுவந்தது சரி. ஆனால் அந்த வேலி யாரை வெளியே நிறுத்தும் என்பதையும் பார்க்க வேணும். பத்தாயிரம் என்பது காசிருக்கிறவருக்கு ஒரு கல்யாண மொய். நம்ம குழுவில் அது ஒரு கடன் மனு, மூன்று கூட்டப் பேச்சு. இத்தனைக்கும் உறுதியாக நினைத்தவர்களை அது தடுக்கவும் இல்லை. 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் நம்மைப் போலவே மஞ்சள் போடுகிற விவசாயிகள், மஞ்சள் வாரியம் கேட்டு நாடாளுமன்றத் தேர்தலில் கூட்டமாக நின்றார்கள். அங்கே டெபாசிட் 25,000. அப்படியும் மொத்தம் 185 வேட்பாளர்கள். 2023-இல் மஞ்சள் வாரியம் அறிவிப்பு வந்தது. டி.வி.யில் அதைப் பார்த்தபோது மாமா இல்லையே என்று இருந்தது.

நம்ம கதைக்கு வருகிறேன். அந்த 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. முதல் தடவை ஊராட்சி மன்றத்தில் நாற்காலி போட்டுப் பெண்கள் உட்கார்ந்தார்கள். சில ஊரில் கையெழுத்து அவருடையது, பேச்சு வீட்டுக்காரருடையது. எல்லாருக்கும் தெரிந்ததுதான், நீட்ட வேண்டாம். அடுத்த இரண்டொரு வருடத்தில் மகளிர் திட்டம் எல்லா மாவட்டத்துக்கும் வந்து, எங்கள் தெருவிலும் குழு ஆரம்பித்தது.

குழுவில் ஊக்குநர் ஒருத்தர், பிரதிநிதி இரண்டு பேர் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். என்னைப் பிரதிநிதியாகப் போட்டார்கள். அந்த வார்த்தையை அதற்கு முன்னால் "மக்கள் பிரதிநிதி" என்று ரேடியோவில்தான் கேட்டிருந்தேன். முதல் தடவை வங்கிக்குப் போனபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முகம் பார்க்காமல் "அடுத்த வாரம் வாங்க" என்றார். திரும்பி வந்து அப்படியே சொன்னேன். "அடுத்த வாரம் எந்தக் கிழமைன்னு கேட்டியா? எந்தக் காயிதம் குறையுதுன்னு கேட்டியா? நாங்க கூலியை விட்டுப்போட்டு உன்னை அனுப்பினது எதுக்கு?" என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அத்தையும் அந்தக் குழுவில் உறுப்பினர். அவர் எல்லாரையும் விடச் சத்தமாகக் கேட்டார். பிரதிநிதி என்றால் என்ன வேலை என்று எனக்குப் புரிந்தது அந்த சாயங்காலம்தான்.

2021-க்கு வருவோம். நம்ம தொகுதியில் முன்னணியில் நின்ற இரண்டு பேரும் பெண்கள். ஒருவர் அதே சுப்புலட்சுமி ஜெகதீசன். இன்னொருவர் பா.ஜ.க.வின் சி. சரஸ்வதி, டாக்டர். கடைசி வரை மேலும் கீழும் போய், சரஸ்வதி 281 ஓட்டில் ஜெயித்தார். 281 என்றால் எவ்வளவு? குழுவுக்குப் பதினைந்து பேர் என்றால் பத்தொன்பது குழு. நம்ம கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வருகிற கூட்டம். ஓட்டுச்சீட்டில் ஆயிரம் பேர் இருந்தபோது அத்தையின் ஓட்டு அந்தப் புத்தகத்துக்குள் எங்கேயோ தொலைந்தது. 2021-இல் இரண்டு பேருக்கு நடுவில் ஒவ்வொரு ஓட்டையும் எண்ணித் தேடினார்கள்.

ஆனால் தமிழ்நாடு முழுக்க அந்தத் தேர்தலில் 234 இடத்தில் ஜெயித்த பெண்கள் 12 பேர்தான். உள்ளாட்சியில் இன்று நமக்குப் பாதி இடம். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023-இல் அரசியல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். 234-க்கு அது 78 இடம். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன்பின் தொகுதி மறுவரையறை இரண்டும் முடிந்த பிறகே அமலாகும் என்று அந்தத் திருத்தத்திலேயே எழுதியிருக்கிறது.

போன மாதக் கூட்டத்தில் சங்கதி இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஊராட்சி வார்டில் ஒரு முறை உறுப்பினராக இருந்த நம்ம சகோதரி ஒருத்தர் கேட்டார். "முன்மொழியப் பத்துப் பேர் வேணும்னா, நம்ம குழுவுலயே பதினாறு பேர் இருக்கறமே?" சிரிப்பு வந்தது, பிறகு யாரும் சிரிக்கவில்லை. செலவு உச்சவரம்பு 40 லட்சம் என்று ஒரு பிள்ளை போனில் பார்த்துச் சொன்னாள். அது செலவு செய்யக்கூடிய எல்லைதான், அவ்வளவு செலவு செய்தே ஆக வேணும் என்று எங்கேயும் இல்லை என்று இன்னொருத்தர் சொன்னார். நாற்பது நிமிஷம் பேசினோம். கூட்டத்தில் கட்சி பேசக் கூடாது, சரி. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது கட்சி பேச்சா என்று ஒரு கேள்வி வந்தது. இல்லை என்று முடிவானது. வேட்புமனுவில் என்னென்ன கேட்கிறார்கள், சொத்து, வழக்கு விவரப் பத்திரம் எப்படி நிரப்புவது என்பதை அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டச் சொல்லித் தீர்மானம் போட்டோம்.

அத்தைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது அந்தச் சகோதரியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"நிக்கறதுன்னா நில்லு கண்ணு. ஆனா எது உன்ர சின்னம்னு முதல்ல எனக்குச் சொல்லிப்போட்டுப் போ."