நாடக மேடையும் இல்லத்தின் துயரமும்

நான் வாழும் கீழ்க்கட்டளையிலிருந்து மேற்கே சென்று பல்லாவரத்தைக் கடந்தால் பம்மல் என்னும் ஊர் வரும். அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கியவர் நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார். 1873ஆம் ஆண்டு பிறந்த அவர், 1891இல் நண்பர்கள் சிலருடன் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவினார். நாடகமாடுதலை இழிவாகக் கருதிய அக்காலத்தில் கற்றோரை மேடையேற்றிய பெருமை அச்சபைக்கு உண்டு. 1895இல் அவர் இயற்றிய ‘மனோகரா’ எழுப்பும் ஒரு வினாவைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

மனோகரா ஓர் இளவரசனின் வீரக்கதை என்றே பலர் எண்ணுவர். அதன் உள்ளீடோ ஓர் இல்லத்தின் துயரம். அரசன் புருஷோத்தமன் வசந்தசேனை என்பவளிடம் மயங்கி, அரசி பத்மாவதியைப் புறக்கணிக்கின்றான். மகன் கொதிக்கின்றான், ஆயினும் தாய்க்குக் கொடுத்த வாக்கு அவன் கையைக் கட்டுகின்றது. கட்டுண்ட மனோகரன் சங்கிலியை அறுக்கும் காட்சிக்காகவே மக்கள் திரண்டனர்.

நம் நாட்டுப்புறத்து நல்லதங்காள் கதையும் இத்தகையதே. பஞ்சத்தில் பிறந்தகம் நாடி வந்தவளை அண்ணன் மனைவி வருத்துகின்றாள். நல்லதங்காள் தன் ஏழு மக்களையும் கிணற்றில் எறிந்து தானும் மாய்கின்றாள். இக்கதையைச் சங்கரதாஸ் சுவாமிகளும் நாடகமாக்கினார். ஊர்தோறும் தாய்மார் அதைக் கண்டு அழுதனர்.

இவ்விரு நாடகங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பெண்படும் துன்பத்தைச் சட்டம் பேசுவதற்கு முன்பே மேடை பேசிவிட்டது, அது பெருமையே. ஆனால் பழி யார்மேல் விழுகின்றது? ஒன்றில் ஆசைநாயகிமேல், மற்றொன்றில் அண்ணிமேல். மனைவியைத் தள்ளிவைத்த அரசன் ‘மயங்கியவன்’; தங்கையைக் காவாத அண்ணன் ‘அறியாதவன்’. குற்றம் ஒரு பெண்மேலும், பொறுமை மற்றொரு பெண்மேலும் சுமத்தப்பட, ஆடவன் எளிதில் தப்பிவிடுகின்றான். அக்காலத்தில் எழுதியவரும் ஆடவர். சுகுண விலாச சபையில் பெண்வேடம் பூண்டவரும் ஆடவரே என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இதை நான் நூல்களில் மட்டும் கற்கவில்லை. 1990களில் நான் பணியாற்றிய ஆண்கள் பள்ளி ஒன்றில் ஆண்டு விழாவுக்காக மனோகராவின் ஒரு காட்சியைப் பயிற்றுவித்தேன். அரசி வேடம் பூண்ட சிறுவன் ஒத்திகையில் அழத் தொடங்கினான், அழுகை நிற்கவில்லை. “நன்றாக நடிக்கின்றாய்” என்று முதுகில் தட்டினேன். மறுநாள் அவன் தாயார் வந்தார். அவர் கன்னம் வீங்கியிருந்தது. மகனின் படிப்பைப் பற்றிக் கேட்பவர்போல் தொடங்கி, வீட்டின் நிலையை இரண்டொரு சொற்களில் கூறினார். “பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா” என்றேன். அவர் தலையசைத்துவிட்டுச் சென்றார்.

கணவனோ அவன் உறவினரோ இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கிய 498ஏ என்னும் பிரிவு 1983ஆம் ஆண்டிலேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்துவிட்டது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அடித்தவனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. மேடை எனக்குக் கற்பித்த பொறுமையையே அவருக்கு உபதேசித்து அனுப்பினேன். அடுத்த ஆண்டு அச்சிறுவன் பள்ளிக்கு வரவில்லை.

மேடை அங்கேயே நின்றுவிடவில்லை. 1954ஆம் ஆண்டு மனோகரா திரைப்படத்தில், மகனைக் கட்டிய வாக்கைத் தாயே அவிழ்க்கின்றாள்; அதன் பின்னரே சங்கிலி அறுகின்றது. திருவாரூர் தங்கராசு எழுதி எம். ஆர். ராதா நடித்த ‘ரத்தக்கண்ணீர்’ நாடகமும் அதே ஆண்டில் திரைக்கு வந்தது. அங்கே மனைவியை இழிவுபடுத்தியவன் தன் குற்றத்தைத் தானே உணர்ந்து, அவளுக்கு மறுமணம் நிகழ வழிசெய்கின்றான். 1990களில் அ. மங்கை போன்ற பெண்களே நாடகங்களை இயக்கிப் பெண்சிசுக்கொலையை மேடையில் வைத்தனர். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அடிப்பது மட்டுமன்றி, சொல்லாலும் பொருளாலும் வதைப்பதும் வன்முறையே என்று அச்சட்டம் வரையறுத்தது.

மாணவச் செல்வங்களே, பழைய நாடகங்களை வெறுக்குமாறு நான் கூறவில்லை. அவற்றைப் படியுங்கள், நடியுங்கள். திரை விழுந்தபின் ஒரு வினாவை மட்டும் கேளுங்கள்: ‘இக்கதையில் பழியின்றித் தப்பியவன் யார்?’ பின்னர் உங்கள் வகுப்பிலே காரணமின்றி அழும் தோழன் ஒருவன் இருந்தால், அவனை நடிகன் என்று எண்ணிவிடாதீர்கள். அவன் அருகில் அமருங்கள். அவன் சொல்வதைக் கேளுங்கள். நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அன்று நான் செய்யத் தவறியது அதுவே.