ரமளானுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும்போது

ஷஅபான் பிறை தென்பட்டதும் நம் வீடுகளில் ஒட்டடைக் கம்பு வெளியே வந்துவிடும். பரணில் கிடந்த சாமான்கள் முற்றத்துக்கு இறங்கும். மெத்தையும் தலையணையும் மொட்டை மாடிக்கு ஏறும். வருடா வருடம் வெள்ளையடிக்கும் பழக்கத்தை விட்டுவிட்ட வீடுகள்கூட இதை மட்டும் விடுவதில்லை.

துடைப்பதையும் கழுவுவதையும் பற்றி நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டை விட்டு வெளியே போகும் பொருள்களைப் பற்றித்தான் இங்கே பேச நினைக்கிறோம். எது உரியவரிடம் திரும்பிப் போக வேண்டியது, எதைப் பிறருக்குக் கொடுக்கலாம், எது வீட்டை விட்டுப் போகவே கூடாது என்று பாராமல் அவசரத்தில் மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டோம். அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் காலக் கணக்கு. பிறை வருடத்துக்கு ஏறத்தாழ 354 நாள்கள். ஆகவே ரமளான் ஆண்டுதோறும் பத்து, பதினோரு நாள்கள் முன்னால் நகர்கிறது. 2026ல் அது பிப்ரவரியில் வந்தது. 2030ல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக ஒரே ஆண்டில் இரண்டு ரமளான்கள் தொடங்கும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இப்போது வசதியான பருவம். பொங்கல் கழிந்த வெயிலில் மெத்தை ஒரே நாளில் காய்ந்துவிடும். இன்னும் சில ஆண்டுகளில் ஷஅபான் வடகிழக்குப் பருவமழைக்குள் போய்விடும். அப்போது மெத்தை, கம்பளி வேலைகளை மழை தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டியிருக்கும். கோரைப்பாயை எந்தப் பருவத்திலும் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காய வைத்தால் போதும்.

இனி அமானிதம். சமையலறை அலமாரியைக் காலி செய்யும்போது எவர்சில்வர் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பாருங்கள். பெயர் வெட்டி வைக்கும் பழக்கம் நம் ஊர்களில் இருப்பதால் யாருடையது என்று உடனே தெரிந்துவிடும். போன பெருநாளுக்குப் பக்கத்து வீட்டில் இருந்து வட்டலப்பம் வந்த கிண்ணம், கல்யாணத்துக்கு வாங்கி வந்த தாம்பாளம் என்று எல்லா வீட்டிலும் நாலைந்து கிடக்கும். மறதிதான் காரணம், யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் அது நம் பொருள் இல்லை. பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போடும் மூட்டையில் அது சேர்ந்துவிடக் கூடாது. உரியவர் மவ்த்தாகி இருந்தால் அவருடைய வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். இரவல் வாங்கிய கிதாபுகள், அடுத்த வீட்டுச் சாவி, வெளிநாடு போனவர் வைத்துவிட்டுப் போன பெட்டி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

இதைவிட நுட்பமான ஒன்று, மவ்த்தானவர்களின் உடைமைகள். வாப்பாவின் சட்டைகளும் கைக்கடிகாரமும் பீரோவில் அப்படியே இருக்கும். சுத்தம் செய்யும் நாளில் யாராவது ஒருவர், ‘ஏழைக்குக் கொடுத்தால் வாப்பாவுக்கு நன்மை சேருமே’ என்று நல்லெண்ணத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார். அந்தச் சட்டைகளும் வாரிசுச் சொத்துதான். வெளியூரில் கட்டிக்கொடுத்த ராத்தாவுக்கும் அதில் பங்கு உண்டு. அவர் ஒரு கைலியை நினைவாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டிருக்கலாம். எல்லா வாரிசுகளிடமும் கேட்டு, சம்மதம் பெற்ற பிறகே கொடுக்க வேண்டும். வாரிசுகளில் பருவம் அடையாத பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் பங்கைத் தானம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஒரு போன் செய்தால் தீரும் விஷயம் பல குடும்பங்களில் வருடக்கணக்கில் மனத்தாங்கலாக நின்றுவிடுகிறது.

அடுத்து காகிதங்கள். பத்திரம், பட்டா, பாஸ்போர்ட், நகை அடகு ரசீது, மருத்துவமனைக் கோப்பு ஆகியவற்றை ஒரே பெட்டியில் சேர்த்து, அது எங்கே இருக்கிறது என்பதைக் கணவன், மனைவி இருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கடன் கொடுத்ததும் வாங்கியதும் ஒரு நோட்டில் இருக்கட்டும். குர்ஆனில் மிக நீளமான வசனமான அல்பகரா 282 இந்தக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனாலும் நம்மில் பலருக்கு எழுதச் சொல்லிக் கேட்பதே கூச்சமாக இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. சில ஆண்டுகளுக்கு முன் உம்மம்மாவின் மரப்பெட்டியை ஒழுங்குபடுத்தினோம். கிழிந்த முஸ்ஹஃப் தாள்கள், பிஸ்மி அச்சிட்ட கல்யாணப் பத்திரிகைகள் ஆகியவற்றோடு அரபி எழுத்தில் கையால் எழுதிய ஒரு நோட்டும் இருந்தது. கண்ணியமாக அடக்கிவிடுவோம் என்று எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பள்ளிவாசலில் ஒப்படைத்தோம். ஒரே ஒரு தாள் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டது. பின்னால் ஒரு முதிய ஆலிம் அதை வாங்கி வாசித்தபோதுதான் தெரிந்தது, அது அரபி அல்ல, அரபுத்தமிழ். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துச் சரக்குகளின் அளவும், வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளின் பிறைத் தேதியும் அதில் இருந்தன. மீதி நோட்டில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது.

அரபுத்தமிழ் என்பது தமிழை அரபி எழுத்தில் எழுதும் முறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நம் முன்னோர், குறிப்பாகப் பெண்கள், இதில்தான் படித்தார்கள், கடிதம் எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியவர்கள் மார்க்கச் சட்டங்களை இந்த எழுத்தில்தான் மக்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய பிள்ளைகளுக்குப் பார்வைக்கு அது அரபி. எனவே பழைய தாள்களோடு சேர்ந்து மண்ணுக்குப் போகிறது.

கண்டுபிடிப்பது கடினம் அல்ல. ஓதத் தெரிந்த ஒருவர் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசிக்கட்டும். அரபுத்தமிழாக இருந்தால் காதில் தமிழ் விழும். அப்படி ஒன்று கிடைத்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், பூச்சி மருந்தும் அடிக்காதீர்கள். செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் குடும்பத்தில் நாலு பேரிடம் சேமித்து வையுங்கள். நோட்டைச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வைத்தால் போதும். ரங்கூன், பினாங்கு, கொழும்பில் இருந்து வந்த பழைய கடிதங்களுக்கும் இதுவே பொருந்தும். பழைய தமிழ் அச்சு நூல்கள் கிடைத்தால் எடைக்குப் போடும் முன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம்.

உண்மையிலேயே சிதைந்த முஸ்ஹஃப் தாள்களைக் கால் படாத சுத்தமான இடத்தில் புதைப்பது ஒரு வழி. எரித்துச் சாம்பலைப் புதைப்பதற்கும் முன்மாதிரி உண்டு. உஸ்மான் (ரலி) அவர்கள் குர்ஆனை ஒரே பிரதியாக ஒழுங்குபடுத்தியபோது மற்ற ஏடுகளை எரிக்கச் சொன்னதாக புகாரியில் பதிவாகி இருக்கிறது. உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுச் செய்யுங்கள். குப்பைவண்டியில் மட்டும் வேண்டாம்.

துணி கொடுப்பதைப் பற்றி நீட்ட வேண்டாம் என்று நினைக்கிறோம். பட்டன் இல்லாத சட்டைக்குப் பட்டன் தைத்து, துவைத்து, மடித்துக் கொடுங்கள். நமக்கு ஒருவர் தந்தால் வாங்கத் தயங்கும் பொருளைப் பிறருக்கென்று தேடி எடுக்கக் கூடாது என்பது அல்பகரா 267 சொல்லும் எச்சரிக்கை. அந்துருண்டை போட்டு வைத்த துணியாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள பச்சைக் குழந்தைகளுக்கு அந்த வாடை படிந்த துணியாலேயே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை முற்றிவிடும். குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிவதில்லை. எனவே பேரப்பிள்ளைக்கென்று எடுத்து வைக்கும் தொட்டில் துணிகளோடு அந்துருண்டை போடவே வேண்டாம்.

ஆபத்தான இரண்டு வேலைகள் உண்டு. குளியலறை ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சிறிய குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ஒன்றை ஊற்றிக் கழுவி, தண்ணீர் விட்டு நன்றாக அலசிய பின், வேறொரு நாளில் மற்றதைப் பயன்படுத்துங்கள். தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் தனியாக யாரும் இறங்கக் கூடாது. நீண்ட நாள் மூடிக் கிடந்த தொட்டியில் காற்று கெட்டுப்போயிருக்கும். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போகிறார். பழகிய ஆள்களைக் கொண்டு, வெளியே ஆள் நிற்கும்போது மட்டுமே அந்த வேலை நடக்கட்டும்.

கடைசியாக ஆண்களிடம் ஒன்று கேட்கிறோம். போன ரமளானில் விடுபட்ட நோன்புகளை ஷஅபானில்தான் களாச் செய்ய முடிந்தது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்ன செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. இன்றும் நம் வீட்டுப் பெண்கள் பலர் இதே மாதத்தில் விடுபட்ட நோன்பை வைத்துக்கொண்டே ஒட்டடையும் அடிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் வேலைகளைச் செய்து கொடுப்பார்கள் என்று அறிவித்தவரும் அதே ஆயிஷா (ரலி) அவர்கள்தான். ஏணி ஏறுவது, மெத்தை தூக்குவது, மேலே உள்ள சிண்டெக்ஸ் தொட்டியைக் கழுவுவது, வாரிசுகளுக்குப் போன் செய்வது, பாத்திரங்களை வீடு வீடாகத் திருப்பிக் கொடுப்பது எல்லாம் ஆண்கள் செய்யக்கூடியவைதான். ஒரு வெள்ளி, ஒரு சனி போதும்.

ஷஅபான் 20க்குள் இவ்வளவும் முடிந்துவிட்டால் மீதி நாள்கள் சமையலறைக்கு. கஞ்சிக்குக் குருணை, மசாலாப் பொடி, பேரீச்சம்பழம். அஸருக்குப் பிறகு பள்ளிவாசலுக்கு நோன்புக்கஞ்சி வாங்கப் போகும் தூக்குவாளியையும் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து வையுங்கள். மூடி சரியாக மூடுகிறதா, அது உங்கள் வீட்டுத் தூக்குதானா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.