கோகோ யார் தோப்பில் விளைகிறது?

சிவகாசியிலிருந்து ராஜபாளையம் தாண்டித் தென்காசிச் சாலையைப் பிடித்தால் குற்றாலம். இந்தியாவில் கோகோ முதலில் ஊன்றப்பட்டது அங்கேதான். 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனி நட்டுப் பார்த்தது. அருவிக்குப் போகும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அது பெரிதாகப் பரவவில்லை. 1960களில் கேட்பரி கேரளத்தில் கோகோவை ஊக்குவித்த பிறகே விவசாயிகள் கைக்கு வந்தது. 1980 வாக்கில் விலை சரிந்து, வாங்க ஆளில்லாமல் போனபோது, கேம்ப்கோ கூட்டுறவு கொள்முதலில் இறங்கியது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிர். அங்கிருந்து உயர்தரச் சாக்லேட்டும் வருகிறது.

அந்தத் தரம் எங்கே உண்டாகிறது? பழுத்த காயை உடைத்து, விதையைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி, ஐந்தாறு நாள் மூடி நொதிக்க வைத்து, இடையிடையே புரட்டிப் போட்டு, பிறகு நன்றாகக் காய வைக்க வேண்டும். இதில் தவறினால் எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் வாசனை வராது. கானாவில் சிறு விவசாயியே வாழையிலை போட்டு மூடி இதைச் செய்கிறார். நம்மூரிலோ பெரும்பாலும் ஈர விதையாகவே விற்றுவிடுகிறார்கள். ருசி உண்டாக்கும் வேலை வாங்குபவரிடம் போகிறது, அதற்கான விலையும்தான்.

சரி, இவர்கள் பேசும் ‘சிறு விவசாயி’ யார்? கோகோவுக்கு நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும். அதாவது கிணற்றோடு ஒரு தோப்பு வேண்டும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருந்தது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. இது தானாக நடந்ததல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அது கைமாறியது. அதை மீட்கக் காரணையில் திரண்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

சிவகாசி, சாத்தூர் கரிசலில் கோகோ வளராது. திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் மலையடிவாரத்தில் தென்னந்தோப்புகள் உண்டு. நம் சனம் அங்கே தேங்காய் உரிக்கப் போகும், இல்லையென்றால் விடியுமுன் பட்டாசு ஆலை வேனில் ஏறும். தோட்டக்கலைத் துறை மானியமோ சிட்டா, அடங்கலோடு வருபவருக்கு. கையில் பட்டா இல்லாதவர் அந்தப் படிவத்தையே வாங்குவதில்லை.

ஆனால் நொதிக்க வைக்கப் பட்டா எதற்கு? ஒரு கொட்டகை, நாலைந்து மரப்பெட்டி, உலர்த்த ஒரு களம் போதும். மூன்று கிலோ ஈர விதை காய்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ ஆகும். மலையடிவாரத் தோப்புகளுக்குக் கோகோத் திட்டம் வரும்போது, அந்தப் பயிற்சியும் பெட்டியும் கூலிக்குக் காய் உடைக்கப் போகும் பெண்களின் குழுக்களுக்கு ஏன் வரக்கூடாது? ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மனுவோடு அங்கே போய்க் கேட்போம், தோழர்களே.